பொன்னாடை போர்த்திப் பூட்டிய கக்கூஸ்

தம்பி,

வங்கிகள் விழுந்து சனம் வாசலில் வரிசையாக நின்ற வருடம் அல்ல, அதற்கு அடுத்ததும் அல்ல. எங்கள் ஆட்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் நடுறோட்டில் இருந்து கத்தி, ஊரில் எல்லாம் முடிந்த பிறகு எழும்பி வீட்டுக்கு வந்தார்களே, அதற்குப் பிறகு வந்த வருடம். எங்கேயோ ஒரு தீவில் மலை வெடித்துப் புகை வானத்தை மூடியது, விமானங்கள் எல்லாம் நின்றன. உன் அக்காவின் கலியாணத்துக்குக் கனடாவில் இருந்து வந்த பெரிய மாமா திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் செற்றியில் படுத்திருந்து, எங்கள் சோற்றைத் தின்றுகொண்டே கனடாவின் பெருமை பேசினார். அந்த வருடம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் வருடங்களை இப்படித்தான் வைத்திருக்கிறேன். படித்த நீங்கள் இலக்கத்தில் வைத்திருக்கிறீர்கள், அடுத்த கிழமை மறந்தும் போகிறீர்கள். அந்த வருடத்துக் கடைசியில், பனி கொட்டத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, லண்டனில் நாங்கள் இருக்கிற பகுதியின், எங்கள் பறோவின், கவுன்சில் சந்தைக் கக்கூசைப் பூட்டியது.

நான் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுக் 'கழிப்பறை' என்று போடட்டோ என்று கேட்கிறாள். வேண்டாம். கக்கூசைக் கக்கூஸ் என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள் செய்த வேலையைத்தான் நான் சொல்லப் போகிறேன், அதிலே நாங்களும் வெட்கப்பட்டால் சரிவராது. பறோவின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்கிறாள், வழக்கு வருமாம். அது போகட்டும், அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நான் போனில் பேசி அனுப்புகிறதுக்கெல்லாம் நீ கேட்காமலே பெருவிரல் படம் அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தமிழ்க் கடைகளில் சும்மா கொடுக்கிற பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ வென்றதுக்கு நாலு கடைக்காரர் சேர்ந்து உன் படத்தோடு வாழ்த்துப் போட்ட அதே பத்திரிகை. அதை நீ பத்திரமாக மடித்து வைத்திருக்கிறாய், இதையும் அதோடு வை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்திருந்தாய். கவுன்சிலராகி இரண்டு மாதத்துக்குள் உன் நடையே மாறிவிட்டது. கை கழுவுகிறபோதுகூட யாரோ படம் பிடிக்கிறது போல நிற்கிறாய். அடுத்த கூட்டத்தில் என்ன நடக்கப் போகிறது என்று உன் அம்மா கேட்டாள். கோழிக்கால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன்.

"பெரிசா ஒண்டுமில்லையம்மா. எங்கட கொமிற்றிச் சேர்மன் ஹொலிடே போறார், வைஸ்-சேர்மன் நான்தானே, அண்டைக்கு நான்தான் கூட்டம் நடத்துறது. எல்லாம் ரூட்டீன் பிஸ்னஸ். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலை பழைய டொய்லெற் பில்டிங் ஒண்டு கிடக்குதெல்லோ, அதை ஒரு வைன் பார்காரருக்கு லீசுக்குக் குடுக்கிறது. ஐஞ்சு நிமிச அலுவல்."

"அது ஏன் பூட்டிக் கிடக்குது?" என்று நான் கேட்டேன்.

"அது அப்ப ரிசெஷன் டைம் அப்பா. கட்ஸ். சும்மா பூட்டேல்லை, கொம்யூனிட்டியைக் கேட்டுத்தான் பூட்டியிருக்கினம். எங்கட ஆக்களே போய் தாங்க்ஸ் சொல்லியிருக்கினம். ஃபைலிலை போட்டோவே இருக்கு, சேர்மனுக்குப் பொன்னாடை போர்த்துகினம்."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எங்கள் சனத்தை நினைத்துச் சிரித்தாய், அது சிரிக்க வேண்டிய சனந்தான். ஆனால் அந்தப் போட்டோவை நீ வடிவாகப் பார்க்கவில்லை, தம்பி. வலப்பக்கக் கரையில், பாதி முகம் வெட்டுப்பட்டு, கமராவைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அது நான்.

முதலில் அந்தக் கக்கூஸ் உனக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம். நீ மூன்று வயசும் நிரம்பாத பொடியன். கடையொன்றின் மேல்தட்டில் ஒரு அறையில் நாங்கள், மற்ற அறைகளில் எங்கள் ஊர்ப் பொடியள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். விடிய அதற்கு முன்னால் வரிசை நிற்கும். நான் பாண் சுடுகிற பக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வருவேன், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவடியில் அழுதுகொண்டு நிற்பாய். உடுப்பு மாற்றாமலே உன்னைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடுவேன். சந்தைக் கக்கூசுக்கு அப்போது கவுன்சில் ஒரு ஆளை வைத்திருந்தது. ஜமெய்க்காக்காரர், நீலத் தொப்பி, நிலத்தில் முகம் பார்க்கிற மாதிரிக் கழுவி வைத்திருப்பார். நீ வேலை முடித்த பிறகும் வரமாட்டாய். தண்ணீர்ச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும் உனக்கு. அந்த மனுசன் தும்புத்தடியில் சாய்ந்து நின்று, இழு இழு என்று சொல்லுவார். லண்டனில் நீ கேட்டது கிடைத்த முதல் இடம் அது. அதைத்தான் நீ இப்போது ஐந்து நிமிடத்தில் கொடுக்கப் போகிறாய்.

ரிசெஷன் என்று வந்ததும் அந்தக் கவுன்சில் ஆடிய ஆட்டத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காசில்லை, காசில்லை என்று ஒரே பாட்டு. முதியோர் மதியச் சாப்பாட்டு வண்டியை நிறுத்தினார்கள். நூலகத்தை அரை நாளாக்கினார்கள். தொப்பிக்காரர் எப்போதோ போய்விட்டார், அவருக்குப் பிறகு வந்தவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மேயரின் கறுப்புக் கார் ஒரு நாளும் பழசாகவில்லை. ஒவ்வொரு முறையும் கவுன்சிலர்மார் எங்கள் சந்தைக்கு வந்து, கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் படம் பிடித்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவராவது அந்தக் கத்தரிக்காயை வாங்கி நான் காணவில்லை. நீயும் போன மாதம் முருங்கைக்காயோடு நின்றாய். பார்த்தேன்.

கக்கூசைப் பூட்டப் போகிறார்கள் என்ற கதை வந்ததும் பதறியவர் ஒருவர்தான், இராசமணி அக்கா. உனக்குத் தெரியும், தெரியாது என்று நடிக்காதே. உன் அக்காவின் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டுத் தந்தவர், சாவகச்சேரிப் பக்கம். அவருக்கு இதய வருத்தம், காலில் நீர் கட்டும், டொக்டர் கொடுத்த தண்ணீர்க் குளிசையைக் காலையில் போட்டால் மணிக்கொரு தரம் போக வேண்டும். அவருக்கு அந்தச் சந்தைதான் வேலை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம். மீன்காரனோடு சண்டை பிடிக்காத நாள் அவருக்கு விடியாத நாள். அவர் புருசன் நவரத்தினம் அண்ணை பேசாத மனுசன், தடியூன்றிக்கொண்டு பின்னால் வருவார். சந்தையில் ஒரு கக்கூஸ் இருந்தால் அக்கா மத்தியானம் வரைக்கும் அங்கே நிற்கலாம். இல்லாவிட்டால் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இவ்வளவுதான் விசயம். ஒரு கிழவி வீட்டுக்கு வெளியே இருக்கலாமா, இருக்க முடியாதா என்பது. இதைக் கவுன்சில் கடதாசியில் என்ன பெயரில் எழுதினார்களோ தெரியாது, இதுதான் அது.

அக்கா முதியோர் சங்கத் தலைவரிடம் போனார். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற ஆள், ஊரில் படிப்பித்தவர். கவுன்சிலில் பேசுவதற்கு இரண்டு பெயர் கொடுக்கலாமாம், ஆளுக்கு மூன்று நிமிடமாம். மாஸ்டர் தன் பெயரைக் கொடுத்தார், அக்காவின் பெயரையும் கொடுத்தார். அக்காவுக்கு இங்கிலீசு பெரிதாக வராது. பேத்தி நாலே நாலு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் கிழவி. தண்ணீர்க் குளிசை குடிக்கிறேன். ஒவ்வொரு நாளும் சந்தைக்கு வருகிறேன். நீங்கள் பூட்டினால் நான் வீட்டை விட்டு வரமாட்டேன். இந்த நாலையும் பஸ்சில் வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் ஐந்து பேர் போனோம். மாஸ்டர், இராசமணி அக்கா, நவரத்தினம் அண்ணை, சங்கத்தில் பகிடிக்காரர் என்று பெயரெடுத்த செல்லையா அண்ணை, நான்.

பஸ்சில் மாஸ்டர் மடியில் ஒரு பையை வைத்திருந்தார். அக்காதான் கண்டார்.

"மாஸ்டர், பைக்குள்ளை என்ன?"

"பொன்னாடை, தங்கச்சி."

"ஆருக்கு?"

"சேர்மனுக்கு."

"எங்கட கக்கூசைப் பூட்டப் போறவனுக்கோ? அவனுக்கேன் மாஸ்டர் போர்த்துவான்? குளிருதெண்டு கேட்டவனோ?"

"ஒரு சபைக்குப் போனா சபை மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. வெறுங்கையோடை போய் நிண்டு கேட்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

செல்லையா அண்ணை பின் சீற்றில் இருந்து, "மரியாதையைக் குறையாமச் செய்யுங்கோ மாஸ்டர். வரேக்கை கக்கூஸ் வாசலிலை தேங்காயும் உடைச்சுவிட்டு வருவம்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. இதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பொன்னாடையைத் தன் கைக்காசில், சங்கத்தில் ஒருவரிடமும் கேட்காமல் வாங்கியிருந்தார். கேட்கப் போகிற இடத்தில் முதலில் கொடுத்துவிட்டுக் கேட்டால் கேட்கிறவனுக்கு மானம் இருக்கும் என்று எங்கள் சனத்துக்கு யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊரில் அரச அதிபருக்குப் போர்த்தினோம், அவருக்குக் கீழே இருந்த ஏ.ஜி.ஏக்குப் போர்த்தினோம், பொலிஸ்காரனுக்குப் போர்த்தினோம். ஒருவனும் திருப்பி ஒன்றும் தரவில்லை. அதைக் கண்டபிறகும் நாங்கள் நிறுத்தவில்லை, கடல் தாண்டி வந்தும் நிறுத்தவில்லை. உலகத்தில் வேறெந்தச் சாதியும் தன்னை அடிக்கிறவனைக் குளிராமல் பார்த்துக்கொள்கிறதாக நான் கேள்விப்படவில்லை.

கவுன்சில் மண்டபம் உனக்கு இப்போது பழகியிருக்கும். அன்றைக்கு எனக்குப் புதிது. கால் புதைகிற கம்பளம். சுவர் முழுக்கச் செத்துப்போன மேயர்மார். முன்னுக்கு வட்டமாகக் கதிரைகள், ஒவ்வொருவருக்கும் முன்னால் தண்ணீர்ச் சாடி. பின்வரிசையில் எங்களை இருத்தினார்கள். எங்களுக்குத் தண்ணீர் இல்லை, அது ஒரு வகையில் நல்லதுதான். இங்கிலீசு எனக்குக் கையில் இல்லை, காதில் இருக்கிறது. பக்டரியில் அத்தனை வருடம் போர்மன்மாரிடம் பேச்சு வாங்கிய காது. நடந்ததெல்லாம் விளங்கியது.

முதல் அலுவல் நாய். பூங்காவில் நாய் எங்கே வெளிக்கு இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது, இருந்தால் அதை அள்ளிப் போட எத்தனை பெட்டி வைப்பது, பெட்டி பச்சையா சிவப்பா. ஒரு பெண்மணி தன் நாயின் பெயரைச் சொல்லியே பேசினார், அதற்கு வயசாகிவிட்டதாம், அதனால் தூரம் நடக்க முடியாதாம், பெட்டி கிட்ட வேணுமாம். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த நாய்க்குப் பக்கத்தில் பெட்டி கிடைத்தது. இராசமணி அக்கா என் காதுக்குள், "நாய்க்கு முடிஞ்சுது, இனி எங்களுக்குத்தான்" என்றார். இல்லை. அடுத்தது நத்தார் விளக்கு, கிறிஸ்மசுக்குப் போடுகிறது. கடைத்தெருவுக்கு மேலே கட்டுகிற மான் உருவத்தின் மூக்கு மினுங்குகிறதா, மினுங்காமல் எரிகிறதா. மினுங்கினால் கார் ஓட்டுகிறவர்களுக்குக் கண் கூசுமா. காசில்லாத கவுன்சில், தம்பி. சாப்பாட்டு வண்டியை நிறுத்திய கவுன்சில். மானின் மூக்குக்கு வாக்கெடுத்தார்கள்.

பிறகுதான் எங்கள் அலுவல் வந்தது. அதை அவர்கள் ஒரு பெயரில் சொன்னார்கள், 'வசதிகள்' என்பது போல ஏதோ. அந்த வட்டத்தில் இருந்த ஒரு வாயாவது அது என்ன என்று சொல்லவில்லை. சேர்மன் மெல்லிய குரல்காரன், வெள்ளை முடி, மற்றவன் பேசும்போது தலையைச் சரித்துக் கேட்கிற பழக்கம். கேட்கிறானே என்று நீ நம்புவாய். கேட்கிறது போல இருக்கப் பழகியவன் அவன். அவன் மாஸ்டரைக் கூப்பிட்டான்.

மாஸ்டர் எழும்பிப் போய் நின்று, சேர்மனுக்கு வணக்கம் சொன்னார். பிறகு கவுன்சிலர்மாருக்கு. பிறகு அங்கே இல்லாத மேயருக்கு. தமிழ் மொழி எவ்வளவு பழையது என்றார். இந்த நாடு எங்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி என்றார். கவுன்சில் எங்கள் சங்கத்துக்குப் போன வருடம் தந்த மடக்குக் கதிரைகளுக்கு நன்றி என்றார். அவருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்குப் பச்சையாக எரிந்தது, பிறகு மஞ்சளானது. "இனி எங்கள் பணிவான வேண்டுகோளுக்கு வருகிறேன்" என்றார். சிவப்பானது. சேர்மன் கையைக் காட்டினான், நேரம் முடிந்தது என்று. மாஸ்டர் கையிலிருந்த கடதாசியை மடித்தார். பிறகு, இதையாவது முறையாக முடிப்போம் என்று நினைத்திருப்பார், பையைத் திறந்து பொன்னாடையை எடுத்துவிட்டார். சிவப்புப் பட்டு, பொன் கரை. மேசையைச் சுற்றிப் போய்ச் சேர்மனின் தோளில் போர்த்தினார். மண்டபம் கைதட்டியது. மானின் மூக்குக்குக் கைதட்டாதவர்கள் எல்லாரும் இதற்குக் கைதட்டினார்கள். கவுன்சில் பத்திரிகைக்குப் படம் பிடிக்கிற பெண் ஓடிவந்து, எங்கள் எல்லாரையும் முன்னுக்கு வரச் சொன்னாள்.

அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்தார். குளிசை போட்டு, பஸ்சில் வந்து, நாய்க்கும் மானுக்கும் இருந்து, அதுவரை அடக்கி வைத்திருந்தார். "இனி என்னாலை ஏலாது. ஓடிப்போட்டு வாறன். என்ரை பேரைக் கூப்பிட்டாச் சொல்லும்" என்றார். காவலாளி ஒருவர் கீழே கூட்டிக்கொண்டு போனார். அக்கா வாசலால் போவதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் படம் பிடித்தாள்.

நாங்கள் திரும்பி வந்து இருந்த கையோடு சேர்மன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். அது ஒரு பெயராகவே இல்லை, நாக்கில் சுடுகிற உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு கூப்பிட்ட மாதிரி. திரும்பக் கூப்பிட்டான். மாஸ்டர் தலை குனிந்து இருந்தார். நவரத்தினம் அண்ணை தடியை இறுக்கிப் பிடித்தார். நான் எழும்பினேன். எனக்கு வந்த இங்கிலீசில், அவ வாறா, கொஞ்சம் பொறுங்கோ, டொய்லெற்றிலை நிற்கிறா என்றேன்.

மண்டபம் சிரித்தது, தம்பி. அந்தச் சொல் அந்தக் கூட்டத்தில் அதற்கு முதல் வரவேயில்லை. நான்தான் சொன்னேன், சொன்னவுடன் சிரித்தார்கள். தன் நாய்க்குப் பெட்டி கேட்டாளே, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சேர்மன் சிரித்து, கண்ணைத் துடைத்தான், போர்த்திய பட்டின் கரையாலே துடைத்தான். பிறகு, அப்படியானால் நாம் மேலே செல்வோம் என்றான். சிரிக்கிற ஒரு சபையில் நின்றுகொண்டிருக்க எனக்குத் தெரியவில்லை. இருந்துவிட்டேன். கைகளை உயர்த்தினார்கள். சேர்மனும் உயர்த்தினான், பொன்னாடை சரியாமல் மற்றக் கையால் பிடித்துக்கொண்டு.

அக்கா வந்தபோது வேறு ஏதோ வீதிக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூப்பிட்டவையோ?" என்றார்.

நவரத்தினம் அண்ணைதான் எழும்பினார். "வா, வீட்டை போவம்."

பஸ் தரிப்பிடத்தில் அக்கா கையை மணந்து பார்த்தார். "அங்கை சுடுதண்ணி வருகுது. கை துடைக்கத் துணித் துவாய், ஆளுக்கொண்டு. பூசுறதுக்குக் கிறீமும் வச்சிருக்கினம்" என்றார். பிறகு அந்த நாலு வசனத்தையும் இங்கிலீசில் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார், ஒரு பிழையும் இல்லாமல்.

அடுத்த மாதம் கவுன்சில் பத்திரிகை வீடு வீடாக வந்தது. தமிழ் முதியோர் கவுன்சிலுக்கு நன்றி தெரிவித்தனர் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்ததாக உன் அம்மா வாசித்தாள். அதைத்தான் நீ கொம்யூனிட்டியைக் கேட்டது என்கிறாய். மாஸ்டர் அந்தப் படத்தைச் சங்கச் சுவரில் மாட்ட வந்தவர்களைத் தடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் போர்த்தவில்லை.

கதவுக்குப் பெரிய இரும்புப் பூட்டுப் போட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு திட்டம் வந்தது. கடைகள் விருப்பப்பட்டால் கண்ணாடியில் ஒரு படம் ஒட்டலாம், அந்தக் கடைக் கக்கூசுக்குச் சனம் போகலாமாம். மூன்று கடை ஒட்டியது. ஒன்று எப்போதும் பழுது. ஒன்றில் மாடிப்படி. மற்றது கோப்பிக்கடை, அங்கே நின்ற பொடியன் ஏதாவது வாங்கினால்தான் விடுவேன் என்றான். அக்கா வந்து எங்களிடம் சொன்னார். "அங்கை போகத் தேத்தண்ணி வாங்க வேணுமாம். தேத்தண்ணி குடிச்சாத் திரும்பப் போக வேணும். இந்தச் சட்டத்தை எந்த விசரன் எழுதினவன்?" எந்த விசரன் என்று எனக்குத் தெரியும், பட்டுப் போர்த்தியிருந்தவன்.

பிறகு அக்கா சந்தைக்கு வருகிற நாளில் குளிசையை விட்டார், கால் வீங்கியது. தண்ணீர் குடிக்கிறதை விட்டார், மீன் கடைக்கு முன்னால் மயங்கி விழுந்தார். ஒரு நாள் சந்தையால் வரும்போது பஸ்சில் நானும் இருந்தேன். என்ன நடந்தது என்று எழுதச் சொல்லமாட்டேன். இறங்கும்போது அவர் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார், வெளியே உறைகிற குளிர். என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சந்தைக்கு வரவில்லை. ஸ்ரேசனுக்குப் பின்னால் மூன்றாம் மாடி ஃப்ளற், அங்கேதான் இருக்கிறார். யன்னலால் சந்தையின் தகரக்கூரை தெரியும். எனக்குப் போன் எடுத்து, "மீன்காரன் வந்திட்டானோ, விளைமீனோ பாரையோ?" என்று கேட்பார். அந்த மீன்காரன் போய் அவன் மகனும் போய்விட்டான். நான் விளை என்று சொல்லிவிடுவேன்.

நீ கட்ஸ் என்று ஒரு சொல் சொன்னாய். வெட்டு என்றால் யாருக்கு வெட்டு விழுகிறது என்று ஒரு ஆளையாவது தெரிந்து வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ரூட்டீன் என்றாய். அவர்கள் ஒருவரும் அன்றைக்குக் கெட்டது செய்ய வரவில்லை, தம்பி. வீட்டுக்கு நேரத்துக்குப் போக வந்தார்கள். எனக்குக் கெட்டவனைப் பார்த்தால் இவ்வளவு அருவருப்பு இல்லை. கெட்டவனோடு சண்டை பிடிக்கலாம். கையைத் தூக்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கிறவனோடு என்ன செய்கிறது? வைன் பார் வேண்டாம், கக்கூசைத் திற என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பட்ஜெட், கட்சி என்று ஏதாவது சொல்லுவாய். உன்னால் ஏலுமோ ஏலாதோ எனக்குத் தெரியாது. ஏலாது என்றால் அதை அந்தக் கதிரையில் இருந்து, அந்த இடத்தின் பெயரைச் சொல்லி, ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லு. ஐந்து நிமிடத்தில் சொல்லாதே.

அடுத்த மாதம் சங்கம் உனக்குப் பாராட்டு விழா வைக்கிறதாம். இப்போதைய தலைவர் என்னை மேடையில் இருத்தி, நானே உனக்குப் போர்த்த வேண்டும் என்று கேட்டார். வரமாட்டேன். நீயும் போகாதே. போனால் அது உன் இஷ்டம், படத்தில் நான் இருக்கமாட்டேன், பாதி முகங்கூட.

உன் அம்மா இது போதும் என்கிறாள், பிள்ளை பாவம் என்கிறாள். பிள்ளைக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்னும் ஒன்று மட்டும்.

உன் கூட்டத்தில் சனம் பேசுவதற்கு ஒரு பெயர் பதிந்திருக்கிறோம். உன் அம்மாதான் பதிந்தாள். தகப்பன் சொன்னான் என்று நீ அதை எடுக்கவும் ஏலாது, முன்னுக்குப் போடவும் ஏலாது, முறையில் வரும்போது கூப்பிடு. நான் டக்சியில் கூட்டிக்கொண்டு வருவேன். அவருக்கு இப்போது எண்பத்து நாலு, சக்கரக்கதிரை. காத்திருக்க வைத்தால் இடையில் எழுப்பிக்கொண்டு போக வேண்டி வரும், உங்கள் கட்டடத்து லிப்ட் எவ்வளவு மெதுவானது என்று உனக்குத் தெரியும். நீ பெயரைக் கூப்பிடும்போது அந்த இடம் வெறுமையாக இருந்தால், பொறு. பச்சை விளக்கு எரியட்டும், சிவப்பு எரியட்டும், பக்கத்தில் இருக்கிறவன் மணிக்கூட்டைப் பார்க்கட்டும். யாராவது சிரித்தால் நீ சிரிக்காதே. அவர் வந்து அந்த நாலு வசனத்தையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறு.

மாஸ்டர் கொரோனாவில் போனார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தோம். செல்லையா அண்ணை ஊரைப் பார்க்கப் போன இடத்தில் போனார். நவரத்தினம் அண்ணை அந்த மூன்றாம் மாடியில், யன்னலடியில் போனார். சேர்மனும் போய்விட்டான், பூங்காவில் அவன் பெயரில் சனம் குந்தியிருக்க ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள், இருந்து பார்த்தேன், நல்ல வாங்கு, பக்கத்தில் நாய்ப் பெட்டியும் இருக்கிறது. அன்றைக்கு அந்த மண்டபத்துக்குப் போன ஐந்து பேரில், என்னை விட்டால், உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். பெயரை ஒழுங்காகக் கூப்பிடு, தம்பி. இராசமணி நவரத்தினம்.